ஊர்க்காரர் கடையானாலும் சம்பளம் சம்பளம்தான்

தங்கச்சி, கனடாவின் டொரொண்டோ நகரத்து ஸ்காபரோவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்வதாக எழுதியிருந்தீர்கள். முதலாளி உங்கள் ஊர்க்காரர். முதல் இரண்டு கிழமையும் 'வேலை பழகும் காலம்' என்று சொல்லிச் சம்பளம் தரவில்லை. உடைந்த கோப்பைகளுக்குக் காசு பிடித்தார். வயிற்றில் பிள்ளை என்று நீங்கள் சொன்ன பிறகு ஐந்து நாள் வேலை இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. வாய் திறந்தால் இருப்பதும் போய்விடுமா, அகதிக் கோரிக்கைக்குப் பாதிப்பு வருமா என்பது உங்கள் கேள்வி.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கோரிக்கையைத் தீர்மானிப்பது குடிவரவு அகதிகள் சபை. திரும்பிப் போனால் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். கடை முதலாளிக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. சம்பளத்தைப் பார்ப்பது ஒன்ராறியோ மாகாணத்தின் தொழில் அமைச்சு. அவர்கள் கையில் எடுப்பது 2000ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டம். அது வேலை செய்பவரின் குடிவரவு நிலையைப் பார்ப்பதில்லை. காசாகக் கையில் வாங்கினாலும் சட்டம் பொருந்தும். உங்களிடம் வேலை அனுமதியும் இருக்கிறது. "உன் விசா என் கையில்" என்று யாராவது சொன்னால் அது வெறும் வெருட்டு.

இனிக் கணக்குக்கு வருவோம். 2025 அக்டோபர் 1 முதல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17 டொலர் 60 சதம். வேலை பழகுவதும் வேலைதான். அந்த இரண்டு கிழமைக்கும் சம்பளம் உண்டு. வேலை செய்யும்போது கோப்பை உடைந்தால் அந்த நட்டம் கடைக்காரருடையது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அவர் பிடிக்க முடியாது. கிழமைக்கு 44 மணிக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு. விடுமுறைப் பணமாகக் குறைந்தது 4 சதவீதம். நம்முடைய கடைகளில் இந்தக் கடைசி இரண்டும் கேட்டால் மட்டும் வரும், பல இடங்களில் கேட்டாலும் வராது.

நீங்கள் உண்மையில் பயப்படுவது அடுத்த விஷயத்துக்குத்தான். உரிமையைக் கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்துவது, நாட்களைக் குறைப்பது, மிரட்டுவது எல்லாமே இந்தச் சட்டத்தில் பழிவாங்கல். அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது: பழிவாங்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. "வியாபாரம் குறைந்துவிட்டது" என்று அவர் சொன்னால் அதைக் காட்ட வேண்டியது அவர்தான். பிரசவ விடுப்புக்குத் தகுதி பெறப் போகிறவர் என்பதற்காக நாட்களைக் குறைப்பதும் இதற்குள் அடங்கும். பிள்ளை பிறக்கும் என்று மருத்துவர் சொன்ன நாளுக்குக் குறைந்தது 13 கிழமைக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தால் 17 கிழமை விடுப்பு உங்கள் உரிமை. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வேலையை அவர் வைத்திருக்க வேண்டும்.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒதுக்குவது ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் தனிக் குற்றச்சாட்டு. அதற்கு மனித உரிமைத் தீர்ப்பாயம்; சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அது மெதுவாகத்தான் நகரும். சம்பளத்துக்கு அமைச்சிடம் போக இரண்டு ஆண்டு இருக்கிறது, கட்டணம் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அதே சம்பளத்துக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அமைச்சின் கதவு மூடிவிடும்.

"காசாக வாங்கினேன், எதை வைத்துக் காட்டுவது" என்று நினைப்பீர்கள். மணிக்கணக்கை எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. அவரிடம் ஏடு இல்லையென்றால் உங்கள் ஏட்டுக்குப் பெறுமதி கூடும். என் கட்டடத்தில் இருந்த ஒரு பிள்ளை பால்கணக்குக் கொப்பி போல ஒன்றில் வந்த நேரம், போன நேரம், அன்று யார் அடுப்பில் நின்றார் என்பது வரை எழுதி வைத்திருந்தாள். அதற்குத் துணையாக, பஸ்ஸில் கட்டணத்துக்குத் தட்டும் பிரெஸ்ட்டோ அட்டையின் பயணப் பதிவை எடுத்தோம். இரவு லாரன்ஸ் கிழக்கு பஸ்ஸில் அவள் அட்டையைத் தட்டிய நேரம் ஒவ்வொரு நாளும் அதில் கிடந்தது. ஒன்பது மணிக்கே போய்விடுவாள் என்று சொன்ன முதலாளிக்கு அதன் பிறகு பேச்சு வரவில்லை. உங்கள் அட்டையும் உங்கள் பெயரில் பதிந்திருந்தால் அந்தப் பதிவை இறக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வேலை நேரங்களையும் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள்.

இனிக் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். "அண்ணை, நான் வேலைக்கு வந்த முதல் இரண்டு கிழமைக்கும் சம்பளம் வரவில்லை. கோப்பைக்குப் பிடித்த காசும் வர வேண்டும். எப்போது தருவீர்கள்?" இவ்வளவு போதும். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்ணும் வேண்டாம். அவர் என்ன தாளை நீட்டினாலும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்த பிறகுதான் கையெழுத்து. நீங்களாக வேலையை விடாதீர்கள். "அவளாகப் போனாள்" என்று சொல்ல அவருக்கு வழி கொடுக்க வேண்டாம்.

"ஊர்க்காரரைக் காட்டிக்கொடுப்பதா" என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் திருவிழாவுக்கு உபயம் கொடுக்கும் கை சமையலறைக்கு மட்டும் ஏன் மடங்க வேண்டும்? கடை ஒரு கம்பனியின் பேரில் இருந்தால் "கம்பனி மூடியாயிற்று" என்ற கதையும் வரலாம். அப்போதும் கம்பனியின் இயக்குநர்கள் ஆறு மாதச் சம்பளம் வரை தாங்களே பொறுப்பு.

தனியாகப் போக வேண்டாம். 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துத் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பக்கத்துச் சட்ட உதவி நிலையத்தைக் காட்டுவார்கள். பாகுபாட்டு விஷயத்துக்கு மனித உரிமைகள் சட்ட ஆதரவு நிலையம் இலவசமாக ஆலோசனை தரும்.

பிள்ளைப்பேற்றுக் காலத்தில் அரசின் வேலைக் காப்புறுதிப் பணம் வாங்க 600 மணி நேரம் பதிவில் இருக்க வேண்டும். காசுச் சம்பளத்தில் அந்த மணிகள் காணாமல் போகும். வரியைப் பார்க்கும் கனடா வருமான முகவரகத்திடம் தீர்ப்புக் கேட்டு அவற்றைச் சேர்க்க வழி உண்டு. வேலை செய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு ஜூன் 29க்குள் கேட்க வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.