மட்கார்டு தகரத்தை நாமே அடித்து வளைக்கப் பழகலாமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குக் காபித் தோட்டம். அப்பா காலத்து ஜீப் ஒன்று இன்னும் ஓடுகிறது. மட்கார்டு துருப்பிடித்ததால் சேலத்தில் பட்டி வைத்து பெயின்ட் அடித்தோம். ஒரே மழைக்காலத்தில் பட்டி கிளம்பிவிட்டது. தகரம் அடித்து ஒட்டுப் போட நானே கற்றுக்கொள்ளலாமா? தகரத்தை இரண்டு உருளைக்கு நடுவே உருட்டி வளைக்கும் இங்கிலீஷ் வீல் வாங்க வேண்டுமா? எந்தத் தகரம் வாங்குவது?

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். வீல் இப்போதைக்கு வேண்டாம். வண்டி ஜீப்பாக இருப்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அதன் மட்கார்டில் தட்டைப் பாகமும் ஒரு பக்க வளைவும்தான் அதிகம். புது மாடல் காராக இருந்தால் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லியிருக்க மாட்டேன்.

தகரம் மடியும், நீளும், சுருங்கும். மடிக்க ஒரு இரும்புக் குழாயும் கைப்பலமும் போதும். நீள்வது சுத்தியல் பட்டாலே நடந்துவிடும். சுருக்குவதுதான் வித்தை. டிங்கரிங் பழகுவது என்பது, இந்த அடி தகரத்தை நகர்த்துகிறதா, நீட்டுகிறதா என்று கண்டுபிடிக்கப் பழகுவதுதான்.

அதற்குக் காதை நம்புங்கள். டாலியை, அதாவது தகரத்துக்குப் பின்னால் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டியை, உள்பக்கம் கொடுத்து, நேராக அதன் மேலேயே அடித்தால் 'ணங்' என்று கேட்கும். இரண்டு இரும்புக்கும் நடுவில் மாட்டிய தகரம் மெலிந்து பரப்பு கூடுகிறது என்று அர்த்தம். டாலியைப் பள்ளத்துக்கு அடியில் அழுத்திப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் மேட்டைத் தட்டினால் சத்தம் 'தொப்'பென்று அடங்கும். மேடு இறங்கும், பள்ளம் ஏறும், தகரம் நீளாது. ஒடுக்கு எடுக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது அடிதான். புதிதாக வருகிறவர்கள் 'ணங்' சத்தத்திலேயே மயங்கி அடித்துக்கொண்டே போவார்கள். நீண்ட தகரத்துக்குப் போக இடமிருக்காது, உப்பிக்கொள்ளும். விரலால் அழுத்தினால் 'டப்'பென்று உள்ளே போகும், விட்டால் 'டப்'பென்று வெளியே வரும். அந்த நிலைக்கு வந்த பேனலை மறுபடி சுருக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒடுக்கின் நட்டநடுவில் முதல் அடி போடாதீர்கள். பெரிய பள்ளமாகத் தெரிவதில் பெரும்பகுதி உண்மையில் வளைந்ததே இல்லை. ஓரத்தில் விழுந்த கூர்மையான மடிப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் விடுவித்தால், மீதி பாதி தானாகவே எழுந்து வரும்.

அடிக்க அடிக்கத் தகரம் விறைக்கும். சேலத்தில் கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுக்கிறவர்கள் நடுநடுவே அதைக் காய்ச்சி இளக்குவது இதனால்தான். தனித் துண்டாக அடிக்கும்போது நீங்களும் மங்கலான சிவப்புக்குக் காய்ச்சித் தானாக ஆறவிடலாம். வண்டியில் இருக்கும் பேனலை அப்படி முழுக்கக் காய்ச்சினால் நெளிந்துவிடும்.

பழகுவதற்குக் காயலான் கடையில் பழைய கார் கதவு ஒன்று எடைக்கு வாங்குங்கள். முதலில் ஒடுக்கு எடுத்துப் பாருங்கள். பிறகு ஒரு அடிச் சதுரத் தகரம், கேன்வாஸ் பையில் முக்கால்வாசி நிரப்பிய சலித்த மணல், ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). தகரத்தை மணல் மூட்டை மேல் வைத்து, ஓரத்திலிருந்து சுற்றிச்சுற்றித் தட்டிக் கிண்ணம் செய்யப் பாருங்கள். விளிம்பு கொசுவம் கொசுவமாகச் சுருங்கும். அதைக் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கொசுவத்தையும் கட்டையின் மேல் வைத்து, நுனி அகலாமல் உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தட்டி அமுக்கினால், அந்த இடத்துத் தகரம் தனக்குள்ளேயே சுருங்கும். கிண்ணத்தை இரண்டு மூன்று தடவை திருப்பிச் செய்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

அதற்குப் பிறகு மட்கார்டு. நல்லாயிருக்கும் பக்கத்து மட்கார்டின் மேல் செய்தித்தாளைப் போர்த்தி, வளைவோடு ஒட்டி அழுத்துங்கள். தாள் மடிந்து நிற்கும் இடத்தில் தகரம் சுருங்க வேண்டும். கிழிந்து பிரியும் இடத்தில் நீள வேண்டும். இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. எதிர்ப்பக்கத்துக்குத் தாளைத் திருப்பிப் போட்டு வெட்டுங்கள்.

தகரத்தைக் கேஜ் எண்ணை வைத்துக் கேட்காமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். கேஜ் எண் ஏற ஏறத் தடிமன் குறையும், குழப்பம் அங்கேதான். இப்போதைய கார்களின் வெளித்தகரம் பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ.; பழைய ஜீப்பில் அதைவிடத் தடிமனாக இருக்கும். மட்கார்டிலிருந்து வெட்டிய துண்டை வெர்னியரில் அளந்து, அதே தடிமனில் சிஆர்சிஏ ஷீட் (குளிர்நிலையில் உருட்டி, பிறகு காய்ச்சி இளக்கிய சாதா இரும்புத் தகரம்) வாங்குங்கள். சேலத்தில்தான் ஸ்டெயின்லெஸ் தயாராகிறதே, அதையே போட்டால் துருவே பிடிக்காதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அது சீக்கிரம் விறைக்கும், அடித்தால் எகிறும். சாதா இரும்போடு ஒட்டினால் ஈரத்தில் பக்கத்து இரும்பு சீக்கிரம் அரிக்கும். கூரைக்குப் போடும், துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட்டும் வேண்டாம். வெல்டிங்கில் துத்தநாகப் புகை வரும்.

உங்கள் பட்டி கிளம்பியதற்குக் காரணம் அடியில் விட்ட துருதான். பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். துரு நிற்காத வெள்ளை இரும்பு வரும்வரை வெட்டியெடுங்கள். புதுத் துண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து, தள்ளித்தள்ளி வெல்டிங் பொட்டு வையுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் நெளியும். பற்றவைத்த கோடு ஆறும்போது சுருங்கி இழுக்கும். அங்கே மட்டும் டாலி மேல் வைத்து 'ணங்' அடி அடிக்கலாம். நீட்ட வேண்டிய இடம் அது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை ஒதுக்குங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

பட்டி 3 மி.மீ.க்குமேல் தேவைப்பட்டால் அடிப்பது இன்னும் முடியவில்லை. அகல அரத்தை ஒரு ஓட்டு ஓட்டுங்கள்: மேடு மின்னும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். உள்பக்கமும் பிரைமர் அடித்து, மூலைகளில் மெழுகு பீச்சிவிடுங்கள். துரு உள்ளிருந்துதான் வரும்.

முறையாகவே படிக்க நினைத்தால் ஐடிஐ-களில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் என்று ஒரு வருடப் பிரிவு உண்டு. அருகில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். முடியாவிட்டால், லாரிக் கூடு கட்டும் சங்ககிரிப் பட்டறைகளில் வயதான மேஸ்திரி யாரிடமாவது ஞாயிற்றுக்கிழமைகளில் டாலி பிடிக்கக் கேளுங்கள். கூலி கேட்காத உதவியாளை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.