ஊக்க நிதியைக் கொட்டினால் அரசுப் பள்ளிகள் திருந்திவிடுமா?

ஊக்க நிதி என்பது, வேலையும் வியாபாரமும் படுத்துக் கிடக்கும்போது கடன் வாங்கியாவது அரசு இறக்கிவிடும் பணம். வேலைகளைக் காப்பாற்றுவதுதான் அதன் முதல் நோக்கம். பள்ளிகளைத் திருத்துவது கூடவே தொற்றிக்கொள்ளும் ஆசை.

டெல்லி கரோல் பாகில் வாடகைக்கு இருக்கும் நம்மூர்க் குடும்பம் ஒன்றுக்குத் தீபாவளி போனஸ் வருகிறது. மளிகைக் கடன், வாடகை பாக்கி போக மிஞ்சியதில் சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். மாதாமாதம் டியூஷன் வாத்தியார் வைக்க முடியுமா? அடுத்த மாதம் போனஸ் வராதே!

அமெரிக்காவில் 2009-இல் நடந்ததும் இதுதான். 787 பில்லியன் டாலர் ஊக்க நிதித் திட்டத்தில் கல்விக்குச் சுமார் 100 பில்லியன். அதில் பெரும்பகுதி மாநிலங்களின் பட்ஜெட் ஓட்டையை அடைக்கவும் வழக்கமான உதவிகளுக்கும் போனது. சீர்திருத்தத்துக்கென்றே போட்டி வைத்துக் கொடுத்த 'ரேஸ் டு த டாப்' நிதி வெறும் 4.35 பில்லியன். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சில்லறைதான் மாநிலங்களை அசைத்தது. பரிசு கிடைக்கும் முன்பே பல மாநிலங்கள் ஆசிரியர் மதிப்பீட்டுச் சட்டங்களைத் திருத்தின. 2010 மார்ச்சில் முதல் சுற்றில் ஜெயித்தவை டெலவேர், டென்னசி இரண்டு மட்டுமே.

சரி, வகுப்பறை? அது அவ்வளவு வேகமாக மாறாது. ஆசிரியர் பயிற்சிக்கு வருடா வருடம் பணம் வேண்டும். டெல்லி அரசு 2015-க்குப் பிறகு வழக்கமான பட்ஜெட்டிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கல்விக்கு ஒதுக்கிவந்தது இந்த வகை.

'அப்படியானால் ஊக்க நிதி வீண்' என்று சிலர் முடிவு கட்டுவது தவறு: 2009-இல் அது வராமல் போயிருந்தால் ஏராளமான ஆசிரியர்கள் வேலையிழந்திருப்பார்கள்.