வகுப்பறைக் கேள்விகள்: யோசிக்கத் தமிழ், எழுத ஆங்கிலம்

கேள்வி: மலைக்கிராமங்களில் எட்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஆங்கிலவழி அறிவியல் வகுப்புக்கு வருகிறார்கள். "புரிந்ததா?" என்றால் "யெஸ் மிஸ்" என்கிறார்கள். தேர்விலோ "எக்ஸ்ப்ளெயின்" என்று கேட்டதையெல்லாம் எழுதாமல் விடுகிறார்கள். வரிக்கு வரி தமிழில் சொல்லியும் பயனில்லையே?
*ஆசிரியை, ஏற்காடு*

பதில்: அந்த வரிக்கு வரி மொழிபெயர்ப்பை முதலில் நிறுத்துங்கள். பின்னாலேயே தமிழ் வரும் என்று தெரிந்துவிட்டால் ஆங்கில வரியை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். அதற்காகத் தமிழை வகுப்பைவிட்டு விரட்டவும் வேண்டாம். யோசிக்கத் தமிழ், எழுத ஆங்கிலம் என்று வேலையைப் பிரியுங்கள்.

கொதிநிலைப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 99ஐ ஒட்டி. "திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக இங்கே ஏன் நேரமாகிறது?" என்று கேட்டு, இரண்டிரண்டு பேராக மூன்று நிமிடம் தமிழில் பேசவிடுங்கள். காரணம் பிடிபட்டதும் பலகையில் எழுதுங்கள்: "ஆஸ் தி ..... இன்க்ரீசஸ், தி ..... டிக்ரீசஸ், பிகாஸ் ....." முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். கலைச்சொல்லுக்குப் புத்தகத்தில் விளக்கம் இருக்கிறது. 'ஆஸ்', 'பிகாஸ்', 'தேர்ஃபோர்' போன்ற சின்னச் சொற்களுக்கு யாரும் பொருள் சொல்வதில்லை. பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். ஆனால் இந்த வாக்கியத்தையே மாதக்கணக்கில் வைத்திருந்தால் அதுவும் மனப்பாடமாகிவிடும். இரண்டாம் வாரம் வாக்கியத்தின் முதல் சொல்லை மட்டும் கொடுங்கள், மூன்றாம் வாரம் வெறும் தாள்.

தெரிந்த சொல்போல இருந்து ஏமாற்றுபவையும் உண்டு. 'பவர்' வீட்டில் கரண்ட், கணக்கில் அடுக்கு, இயற்பியலில் திறன். 'சொல்யூஷன்' கணக்கில் தீர்வு, வேதியியலில் கரைசல். பாடத்துக்கு ஐந்தாறு சொற்களை முன்கூட்டியே பொறுக்கிப் பலகை ஓரத்தில் தமிழோடு எழுதிவையுங்கள்.

"புரிந்ததா?" வேண்டாம், படம் போட்டு அம்புக்குறி இடச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் குறைந்தது 3 விநாடி காத்திருங்கள். வழக்கமாக ஆசிரியர்கள் ஒரு விநாடியளவே பொறுக்கிறார்கள் என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். மனசுக்குள் இரண்டு மொழி ஓடும் பிள்ளைக்கு அது எப்படிப் போதும்? "ஏர் பிரஷர் லெஸ், ஸோ வாட்டர் பாயில் லோ டெம்பரேச்சர்" என்று எழுதினால் அறிவியலுக்குரிய மதிப்பெண்ணை முழுதாகக் கொடுங்கள். இலக்கணத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள்.

கேள்வி: மகன் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான், அறிவியல் விடை மட்டும் எழுத வரவில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா?
*ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்*

பதில்: கூடவே கூடாது. பேச்சு மொழி இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாட மொழிக்கு ஐந்தாண்டுக்கு மேலும் ஆகும் என்பது கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸின் முடிவு. அன்றைய பாடத்தை இரவில் உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழிலேயே திக்கினால் பாடம் புரியவில்லை. ஆசிரியரிடம் மறுபடி கேட்கட்டும். தமிழில் தெளிவாகச் சொன்னால் வாக்கியப் பயிற்சிதான் பாக்கி.