கையேடு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு எக்ஸ்எம்எல் (உரையின் பகுதிகளைக் கணினிக்குக் குறியிட்டுக் காட்டும் மொழி) கோப்புகள் தயாரித்துத் தரும் நிறுவனம் ஒன்றில் குழுத் தலைவனாக இருக்கிறேன். எக்ஸ்எம்எல் தரநிலைக்குப் புதிதாக வந்திருக்கும் தடித்த கையேடு ஒன்றை வாங்கலாமா என்று மேலாளர் என்னிடம் கேட்டிருக்கிறார். தரநிலை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பில் பிழை இருந்தால் மென்பொருளே வரி எண்ணோடு காட்டிவிடுகிறது. பிறகு கையேடு எதற்கு?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஓய்வு நேரத்தில் எங்கள் ஊர்ப் புலவர் ஒருவரின் அச்சேறாத பாடல்களை எக்ஸ்எம்எல்லில் பதிந்து வருகிறேன். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறிகளான டேக்குகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க ஆசைப்படுகிறேன். அதற்கு அனுமதி கிடையாது என்கிறார் நண்பர். உண்மையா?

ஒரு வாசகர், புதுச்சேரி

*

அன்புள்ள நண்பருக்கு,

எந்த வரியில் பிழை என்று மென்பொருள் சொல்லும். அது ஏன் பிழை என்று சொல்லாது. பல இடங்களில் தரநிலையும் சொல்வதில்லை. விதியை ஐயத்துக்கு இடமில்லாமல் வகுப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. விதி எங்கிருந்து வந்தது, எதைத் தடுக்க வந்தது, வேறெந்த விதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதெல்லாம் கையேட்டின் வேலை. தொல்காப்பிய நூற்பாவைச் சேனாவரையர் உரையோடு படித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்னிருந்த உரைகாரரை எங்கே மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்று பார்க்கும்போதுதான் நூற்பாவின் ஒவ்வொரு சொல்லும் அங்கே நிற்கும் காரணம் புலப்படுகிறது.

இந்தத் துறையில் அப்படி ஓர் உரை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்எம்எல்லுக்குத் தாய்மொழியான எஸ்ஜிஎம்எல் 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்ற தரநிலையாக வந்தது. அதன் முதன்மைச் சிற்பி சார்லஸ் கோல்ட்ஃபார்ப். சட்டம் படித்தவர், ஐபிஎம்மில் பணியாற்றியவர். தரநிலையின் முழு வாசகத்தையும் கொடுத்து, கூடவே தம் விளக்கங்களையும் சேர்த்து, 1990இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் வழியே 600 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடாக வெளியிட்டார். 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 வந்தபோது அதன் தொகுப்பாசிரியர் மூவரில் ஒருவரான டிம் பிரேயும் தரநிலைக்குத் தாமே விளக்கக் குறிப்புகள் எழுதினார். விதியை எழுதியவர்களே உரையும் எழுத உட்கார்ந்தார்கள் என்றால், விதி மட்டும் போதாது என்பதை அவர்கள் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனவே உங்கள் மேலாளர் காட்டிய நூலின் தடிமனைப் பார்க்காதீர்கள். கமென்ட், அதாவது கோப்பைத் தயாரிப்பவர்கள் தமக்காக எழுதிவைக்கும் குறிப்பு, பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். எக்ஸ்எம்எல்லில் கமென்ட் <!-- என்று தொடங்கி --> என்று முடியும். நடுவே இரண்டு சிறுகோடுகள் அடுத்தடுத்து வரக்கூடாது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் “<!-- படம் 3 -- ஆசிரியர் ஒப்புதல் வரவில்லை -->” என்று எழுதிவைத்தால் போதும், கோப்பு முழுவதும் நின்றுவிடும். தரநிலை இதற்குத் தரும் காரணம், ‘இணக்கம் கருதி’ என்ற அளவில் முடிகிறது. எதனோடு இணக்கம்? எஸ்ஜிஎம்எல்லோடு. அங்கே இரட்டைச் சிறுகோடு ஒரு கமென்டைத் திறக்கவும் மூடவும் பயன்பட்ட குறி. ஒரே அடைப்புக்குள் இரண்டு மூன்று கமென்டுகளை எழுதலாம். எழுதுபவருக்கும் மென்பொருளுக்கும் ஓயாத குழப்பம் தந்த வசதி அது. எக்ஸ்எம்எல்லை வகுத்தவர்கள் அந்த வசதியை நீக்கினார்கள். ஆனால் எக்ஸ்எம்எல் கோப்பு எஸ்ஜிஎம்எல் கருவிகளிலும் ஓட வேண்டும் என்பதற்காகத் தடையை மட்டும் விட்டுவைத்தார்கள். இதை ஒருமுறை கேட்ட பையன் மறுபடி அந்தத் தவறைச் செய்யமாட்டான். இந்த வரலாறு நூலில் இரண்டு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, வெற்றிடம் பற்றிய பகுதி. உங்கள் தொழிலில் அதிகச் சேதம் விளைவது இங்கேதான். கோப்பு கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று யாரோ உள்தள்ளி ஒழுங்குபடுத்துவார். சாய்வெழுத்து டேக்குக்கு முன்னும் பின்னும் வரி முறியும். அச்சில் பார்த்தால் சாய்வெழுத்துச் சொல்லுக்கும் அதை ஒட்டி வரவேண்டிய காற்புள்ளிக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். எந்த வரி முறிவைக் கணக்கில் கொள்வது, எதை விடுவது என்பதற்கு எஸ்ஜிஎம்எல்லில் இருந்த விதிகள் வல்லுநர்களையே திணறடித்தவை. எக்ஸ்எம்எல் அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டு, டேக் அல்லாத ஒவ்வோர் எழுத்தையும், வெற்றிடம் உட்பட, அப்படியே அடுத்த மென்பொருளிடம் ஒப்படைக்கச் சொன்னது. பொறுப்பு கைமாறிவிட்டது. இதை எந்த வேலிடேஷனும் (விதிப்படி இருக்கிறதா என்ற சோதனை) பிழை என்று காட்டாது, ஏனென்றால் விதிப்படி பிழையே இல்லை. மென்பொருள் காட்டிவிடுகிறதே என்று எழுதியிருந்தீர்கள். காட்டாதவை இவை.

இனி தமிழ்ப் பெயர்கள். தாராளமாக வைக்கலாம். 1998இன் முதல் பதிப்பே, பல மொழி எழுத்துகளுக்கும் எண் வகுத்துத் தரும் யூனிகோடை அடிப்படையாகக் கொண்டது. <பாடல்>, <அடி>, <சீர்> எல்லாம் முறையான பெயர்கள். நண்பர் சொல்வது சரியன்று.

ஆனால் இதில் சில நுட்பங்கள் உண்டு. முதல் நான்கு பதிப்புகளும் பெயரில் வரத்தக்க எழுத்துகளை யூனிகோடின் பழைய பதிப்பிலிருந்து எடுத்துப் பட்டியலிட்டிருந்தன. அப்பட்டியலில் ஆய்த எழுத்து, முந்தைய எழுத்தோடு ஒட்டிவரும் குறியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே பெயரின் நடுவில் வரலாம், முதலில் வரக்கூடாது. ௧ முதல் ௯ வரை இடம்பெற்றிருந்தன, தமிழ்ச் சுழியம் இல்லை. அது யூனிகோடில் ஏறியதே 2005இல்தான். 2008 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தத் தடைகளை எல்லாம் தளர்த்திவிட்டது. ஆனாலும் எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும் மென்பொருள்களான பார்சர்கள் எல்லாம் அதற்கு மாறவில்லை. பாடல் எண்ணைப் பெயரோடு ஒட்டாமல் டேக்குக்குள் தனிப் பண்பாக (attribute) வையுங்கள், தொல்லை இருக்காது.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. <தொகுதி> என்று திறந்து </தொகுதி> என்று மூடுகிறீர்கள். ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எக்ஸ்எம்எல் பெயர்களை ஒப்பிடும்போது இவற்றைச் சமமாக்கிப் பார்ப்பதில்லை. ஒரு விசைப்பலகையில் திறந்த டேக்கை இன்னொன்றில் மூடினால், ‘மூடப்படாத டேக்’ என்று பார்சர் சொல்லும். நீங்கள் கண் வலிக்கப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தமிழில் பெயர் வைக்கத் துணிந்தவர் எவரும் முதலில் அறிய வேண்டியது இது. வந்திருக்கும் கையேட்டில் இது குறித்து ஒரு பத்தி இருந்தால், விலை என்னவானாலும் குழுவுக்கு ஒரு படி வாங்குங்கள் என்பேன். கமென்டுக்கும் வெற்றிடத்துக்கும் விளக்கம் இருந்து இது மட்டும் இல்லையென்றாலும் வாங்கலாம், ஓரத்தில் நீங்களே எழுதிவையுங்கள். விதிகளை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் நூலாக இருந்தால் வேண்டாம். அதற்கு உங்களிடம் இலவசத் தரநிலையே இருக்கிறது.

புலவரின் பாடல்களுக்கு நீங்கள் வகுத்திருக்கும் டேக் பட்டியலை அனுப்புங்கள். கையெழுத்துப் படியில் சிதைந்த இடங்களையும், நீங்கள் ஊகித்து நிரப்பிய எழுத்துகளையும் தனித்தனியே குறிக்க வழி செய்திருக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள்.