அந்தப் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள், தம்பி

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வயது 27, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வருகிற தை மாதம் கல்யாணம். என் உறுப்பு சின்னதாக இருக்கிறது என்று ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே மனதில் ஒரு குறை. சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் இப்படி ஆகிவிட்டதோ என்றும் பயம். விறைப்பில் அளந்தால் 12 செ.மீ.தான் வருகிறது. யூடியூபில் பார்த்து, சூடான துண்டால் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி, விரலால் இறுக்கிப் பிடித்து உருவி இழுக்கிற பயிற்சியை இரண்டு மாதமாகச் செய்கிறேன். கூடவே ஆன்லைனில் வாங்கிய மூலிகை கேப்சூல். இப்போது தோலில் சிவப்புப் புள்ளிகள், மேல்பக்கம் கயிறு மாதிரி கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது, நுனி மரத்த மாதிரி இருக்கிறது, காலை விறைப்பும் குறைந்துவிட்டது. பயிற்சியை நிறுத்த வேண்டுமா? நிரந்தரமாகக் கெட்டுப்போய்விட்டதா? பாதுகாப்பான பயிற்சி ஏதாவது உண்டா? வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பதில்: நிறுத்துங்கள் தம்பி. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யட்டுமா, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு செய்யட்டுமா என்ற பேரமெல்லாம் வேண்டாம், இன்றோடு நிறுத்தம். நிரந்தரமாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு, நீங்கள் எழுதியதில் பெரும்பாலானவை விட்டுவிட்டால் ஆறக்கூடியவைதான், ஆனால் அதை உறுதியாகச் சொல்ல ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், கடிதத்தைப் படித்துச் சொல்கிற விஷயமில்லை. பாதுகாப்பான பயிற்சி உண்டா என்றால், ஒன்று உண்டு. நீளத்துக்கு இல்லை, விறைப்புக்கு. அதைக் கீழே விளக்கமாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் இந்த 12 செ.மீ. கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. 2015இல் இங்கிலாந்து மருத்துவர்கள் பல நாடுகளில் எடுத்த அளவுகளைத் திரட்டி வெளியிட்டார்கள், மொத்தம் 15,000 ஆண்களுக்கு மேல், அவரவர் வாயால் சொன்ன அளவு இல்லை, மருத்துவப் பணியாளர்கள் அளந்தது. விறைப்பில் சராசரி நீளம் 13.12 செ.மீ., சுற்றளவு 11.66 செ.மீ. பெரும்பாலோர் ஏறக்குறைய 11.5க்கும் 14.8க்கும் நடுவே வந்துவிடுகிறார்கள், நீங்களும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். நிஜமாகவே சிறியது என்று நாங்கள் சொல்வது, தளர்ந்த நிலையில் இழுத்து அளந்தாலும் சுமார் 7.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால்தான், அது பிறவியிலேயே ஹார்மோன் குறைபாட்டோடு வருகிற அபூர்வமான நிலை, 27 வயதில் திடீரென்று கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இல்லை.

அளக்கிற விதத்திலும் தப்பு நடக்கும். ஸ்கேலை மேல்பக்கம் வைத்து, அடிவயிற்று எலும்பில் முட்டும் அளவுக்கு அழுத்தி அளக்க வேண்டும், தோல் மேலே சும்மா வைத்தால் அங்கே இருக்கிற கொழுப்பு ஒன்றிரண்டு செ.மீ.யைச் சுலபமாக விழுங்கிவிடும். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது எல்லோருக்கும் அவரவருடையது குட்டையாகத்தான் தெரியும், ஹாஸ்டல் குளியலறையில் பக்கத்தில் நிற்பவனுடையது பக்கவாட்டில் தெரிவதால் நீளமாகத் தெரியும். தளர்ந்த நிலையில் பார்த்து விறைப்பு அளவைக் கணிக்கவும் முடியாது. அதிலும் ஏற்காட்டு மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கீழே பார்த்தால் யாருக்குமே கவலை வரத்தான் செய்யும். கைப்பழக்கத்தால் உறுப்பு சிறுக்காது, வளையாது, நரம்பும் தளராது. அந்தப் பயத்தை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். கை கால் தசை பயிற்சியில் பெருக்கிறது, இது ஏன் பெருக்காது என்று கேட்பீர்கள். ஆணுறுப்பின் தண்டில் ஜிம்மில் வளர்க்கிற மாதிரியான தசை கிடையாது. உள்ளே இருப்பது ரத்தம் நிரம்புகிற இரண்டு பஞ்சுக் குழல்கள், அவற்றைச் சுற்றி வெள்ளையாக ஓர் உறை. சைக்கிளில் டியூபுக்கு டயர் எப்படியோ அப்படி: உள்ளே ரத்தம் ஏற ஏற, இந்த உறை விட்டுக்கொடுக்காமல் நிற்பதால்தான் கெட்டித்தன்மையே வருகிறது. தளர்ந்திருக்கும்போது 2 மி.மீ. வரை தடிமனாக இருக்கிற அந்த உறை, விறைப்பில் அரை மி.மீ.க்கும் கீழே மெலிந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து விரலால் இறுக்கி இழுத்தால், உறையிலும் நுண்ணிய ரத்தக்குழாய்களிலும் கண்ணுக்குத் தெரியாத காயங்கள் ஏற்படும். காயம் ஆறும்போது புதுத் தசை முளைத்து உறுப்பு நீளும் என்று அந்த வீடியோக்காரர்கள் சொல்கிறார்கள். உடம்பு அப்படி ஆற்றுவதில்லை, தழும்பு போட்டுத்தான் ஆற்றும், தழும்புக்கு நீளத் தெரியாது, சுருங்கத்தான் தெரியும். அரபு நாட்டில் தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பழைய வித்தை என்று ஒரு கதையும் சேர்த்து விற்பார்கள், அதற்கு ஆதாரமே இல்லை, உருவி இழுத்து நீளம் கூடியது என்று காட்டிய நல்ல ஆய்வும் இல்லை. செய்து முடித்தவுடன் கொஞ்சம் பருத்த மாதிரி தெரிவது வீக்கம், மறுநாள் வடிந்துவிடும்.

இனி உங்கள் உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். சிவப்புப் புள்ளிகள் தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வெடித்ததால் வந்தவை, சில நாட்களில் மறையும், அடிக்கடி வந்தால் தோல் அங்கங்கே கருத்துப் போகும். மேல்பக்கம் கயிறு மாதிரி தட்டுப்படுவது அநேகமாக அங்கே ஓடுகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது, இதற்கு மாண்டார் நோய் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உடலுறவும் கைப்பழக்கமும் இல்லாமல் ஓய்வு கொடுத்து, தேவைப்பட்டால் வீக்கத்துக்கு மாத்திரை எடுத்தால் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரத்தில் கரைந்துவிடும். அதை நீவிவிட்டுக் கரைக்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள், கைவைத்தால் மோசமாகும். நுனி மரத்துப்போனது, மேல்பக்கம் ஓடுகிற உணர்வு நரம்பை நீங்கள் தினமும் நசுக்கியதால் இருக்கலாம், அழுத்தம் நின்றால் மெல்ல மெல்லத் திரும்பும். இதோடு சூடான துண்டு வேறு, மரத்த தோலில் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

நான் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. அந்தக் கெட்டி, கயிறாக இல்லாமல் உள்ளே தகடு மாதிரி, ஒரு பொத்தான் அளவுக்குத் தட்டுப்பட்டால், விறைப்பில் வலித்தால், முன்பு நேராக இருந்தது இப்போது ஒரு பக்கம் வளைந்தால், அது பெய்ரோனி நோயாக இருக்கலாம். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவர் 1743இலேயே விவரித்து எழுதிய நோய் இது, உறையில் விழுந்த தழும்பால் வருவது. முதல் ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரைகூட வலியும் வளைவும் மாறிக்கொண்டே இருக்கும், அப்புறம் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். சீக்கிரம் வந்தால் மருந்து, கருவி, ஊசி என்று செய்ய வழி இருக்கிறது, தாமதித்தால் ஆபரேஷன் வரை போகும், அதில் நீளம் குறையவும் கூடும். நீளம் வேண்டும் என்று ஆரம்பித்தவர் நீளம் குறைந்து நிற்பது இப்படித்தான்.

காலை விறைப்பு குறைந்ததற்கு இந்தக் காயமும் காரணமாக இருக்கலாம், கவலையில் தூக்கம் கெட்டதும் காரணமாக இருக்கலாம். ஆரோக்கியமான ஆணுக்கு இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாக விறைப்பு வந்து போகும், விடியலில் தெரிவது அதில் கடைசி. அது நன்றாக வந்துகொண்டிருந்தால் குழாயும் நரம்பும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம், அதனால்தான் டாக்டர்கள் இதை விடாமல் கேட்கிறார்கள். உங்களைவிட வயதில் மூத்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: நாற்பதுக்கு மேல் விறைப்பு குறைந்தால் எண்ணெய் தேடாதீர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். இதயத்தில் அடைப்பு தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே அங்கே தெரிந்துவிடுவதுண்டு.

கேப்சூல். அதையும் இன்றே நிறுத்துங்கள். மூலிகை என்று அட்டையில் போட்டு உள்ளே விறைப்புக்கு டாக்டர் சீட்டில் தருகிற சில்டினாபிலோ தடாலாபிலோ கலந்து விற்பது உலகம் முழுக்க நடக்கிறது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வருடம் தவறாமல் இப்படிப்பட்ட சரக்குகளைப் பிடித்து எச்சரிக்கை விடுகிறது. ‘சாப்பிட்ட அன்றே வேலை செய்தது, சுத்தமான மூலிகை’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது இந்தச் சந்தேகம்தான். வீட்டுப் பெரியவர் யாராவது நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவராக இருந்து, இந்தக் கேப்சூலையும் போட்டால் ரத்த அழுத்தம் படுவேகமாக இறங்கி உயிருக்கே ஆபத்து, ஆகவே டாக்டரிடம் காட்டும் வரை யார் கையிலும் படாமல் வைத்திருங்கள். உறுப்பின் அளவையும் வடிவத்தையும் மாற்றுகிறேன், நேரத்தைக் கூட்டுகிறேன் என்று எந்த மருந்துக்கும் உரிமை கொண்டாடக் கூடாது என்று நம் மருந்து விதிகளின் ஜே அட்டவணையிலேயே இருக்கிறது, இல்லற சுகத்தைக் கூட்டுகிற மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இருந்தும் முன்பெல்லாம் மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர், இன்ன லாட்ஜ் என்று வாரப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள், இப்போது அதே சரக்கு உங்கள் செல்போனுக்கே வருகிறது, லாட்ஜ் வாடகை மிச்சம்.

இப்போது உருப்படியான பயிற்சி. பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிவதற்காக ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948இல் எழுதிய இடுப்புத்தளப் பயிற்சி ஆண்களுக்கும் பொருந்தும். ஏனென்றால் விறைப்பின்போது ரத்தம் வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பதில், உறுப்பின் அடியைச் சுற்றி இருக்கிற தசைகளுக்குப் பங்கு உண்டு, அவை நிஜமான தசைகள், பயிற்சிக்குக் கட்டுப்படும். 2005இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் விறைப்புக் குறைபாடு உள்ள 55 பேர் இதைச் செய்தார்கள், ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேருக்குப் பழைய நிலை திரும்பியது, இன்னொரு 35 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். சின்ன ஆய்வுதான், ஆனால் காசு செலவில்லை, காயமும் இல்லை.

செய்கிற விதம் இதுதான். கூட்டத்தில் நிற்கும்போது காற்றுப் பிரிவதை அடக்குவீர்களே, அந்தத் தசை. அதை உள்ளே மேலே இழுத்தால் உறுப்பின் அடி லேசாக உள்வாங்கும், விதைப்பை சற்று எழும்பும், கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியும். வயிறு, தொடை, புட்டம் மூன்றும் தளர்வாக இருக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை இழுத்துப் பிடித்து, பத்து எண்ணும் வரை முழுதாக விட்டுவிடுங்கள், இப்படிப் பத்து முறை, காலை மதியம் இரவு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், பழக்கமாகிவிட்டால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். இதையும் அளவுக்கு மீறிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், தசை எப்போதும் இறுகியே இருந்து அடிவயிறு வலி, சிறுநீரில் எரிச்சல், விந்து வெளியேறிய பிறகு வலி என்று வருவார்கள். அப்படி வலி இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சியே வேண்டாம், தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும், பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். நீங்களும் இப்போதே ஆரம்பிக்க வேண்டாம், அந்தக் கயிறு கரைந்து, டாக்டர் சரி என்ற பிறகு.

அடுத்து உங்கள் கண்ணில் பம்ப்பும் இழுவைக் கருவியும் படும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வாக்குவம் பம்ப் விறைப்பு வராதவர்களுக்கான சிகிச்சைக் கருவி, நீளத்துக்கானது இல்லை, ரத்தம் இறங்காமல் இருக்க உறுப்பின் அடியில் மாட்டுகிற அதன் வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்கக் கூடாது. இழுவைக் கருவியை வளைவுக்காக நாங்களே எழுதித் தருவதுண்டு, மாதக்கணக்கில் தினமும் பல மணி நேரம் மாட்டியிருந்தால் ஒன்றிரண்டு செ.மீ. கிடைக்கலாம், உங்கள் அளவுக்கு அது தேவையே இல்லை. எண்ணெய், சிலிக்கான் ஊசி போட்டுப் பருமனாக்குவது வேண்டவே வேண்டாம், கட்டி கட்டியாகிப் பிறகு வெட்டி எடுக்க வேண்டி வரும். வாஷர், நட்டு, மோதிரம் எதையும் மாட்டாதீர்கள், கழற்ற வராமல் வீங்கிப்போய் இரவில் வருகிறவர்கள் உண்டு.

டக்கென்று சத்தம் கேட்டு விறைப்பு உடனே தளர்ந்து வீங்கிக் கருத்தால் உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தளராமல் வலித்தாலும் அவசரம்தான், வெட்கப்படாமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்கு இப்போது அந்த அவசரம் இல்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் ஒருநாள் லீவு போட்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலத்துக்கு வந்துவிடுங்கள். தெரிந்த யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர் மற்றும் ஆணுறுப்புப் பிரச்சினைகளைப் பார்க்கிற டாக்டர், இல்லையென்றால் ஜி.எச்.சில் காலை ஓ.பி.க்கு வாருங்கள், சீட்டு போடும் இடத்தில் ‘யூராலஜி’ என்ற ஒரு வார்த்தை போதும், அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தேவைப்பட்டால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள், வலிக்காது. அந்தக் கேப்சூல் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வாருங்கள், எத்தனை நாளாகச் சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வளைவு தெரிந்தால் வீட்டில் தனியாக இருக்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வாருங்கள், ஓ.பி.யில் விறைப்பை வரவழைத்துக் காட்ட முடியாது.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டிய காரணம் எதுவும் இதில் எனக்குத் தெரியவில்லை. தைக்கு நாள் இருக்கிறது, கயிறு அதற்குள் கரைந்துவிட வாய்ப்பு அதிகம். முதல் ராத்திரியில் விறைப்பு சரியாக வராமல் போவது பயத்தால் நடப்பது, ஊரில் நிறையப் பேருக்கு நடப்பதுதான், வெளியே சொல்வதில்லை. அன்றைக்கே பரீட்சை எழுதி முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அலைச்சல் எல்லாம் ஓய்ந்து நான்கு நாள் கழிந்தும் பயம் விடவில்லை என்றால் இரண்டு பேருமாக வந்து பாருங்கள்.