கல் இல்லை, ஆனாலும் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது: கேள்வி பதில்

கேள்வி: அக்காவுக்கு 38 வயது. பித்தப்பையில் கல் இல்லை, சுவர் மட்டும் 5 மி.மீ. எம்ஆர்சிபி (பித்த, கணைய நாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுத்ததில், பித்த நாளமும் கணைய நாளமும் சேரும் இடம் பிறவியிலேயே மாறியிருக்கிறதாம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நேரடிச் சம்பந்தம். வழக்கமாக இரண்டு நாளங்களும் சிறுகுடல் சுவருக்குள் வந்துதான் சேரும். அங்கே ஒரு சுருக்குத்தசை வாசல் காக்கும். உங்கள் அக்காவுக்குச் சுவருக்கு வெளியிலேயே சேர்ந்துவிடுகின்றன, தசையின் பிடி அங்கே எட்டாது. கணைய நாளத்தில் அழுத்தம் அதிகம். அதனால் கணைய நீர் எதிர்த்து ஏறிப் பித்தப்பையில் போய்த் தேங்குகிறது. அந்தப் பித்தத்தைச் சோதித்தால் கணைய நீரில் இருக்கும் செரிமான நொதியான அமைலேஸ் எக்கச்சக்கமாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் புண்பட்டு ஆறி, புண்பட்டு ஆறி, உள்தோல் செல்களைப் பெருக்கிக்கொண்டே போகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மடிப்புகள் பூத்துவாலை நூல்களைப் போல உயர்ந்து நிற்கும்.

கேள்வி: சாப்பிட்டுவிட்டுப் போனாலே சுவர் தடித்துத் தெரியுமாமே?

பதில்: ஆமாம், பித்தப்பை சுருங்கிவிடும். வெறும் வயிற்றில் வரச் சொல்வது அதற்குத்தான். 3 மி.மீ. வரை சகஜம். டெங்குவில்கூடத் தடிக்கும், அது வேறு கதை. இங்கே எண்ணைவிட அடுக்கைப் பாருங்கள். ஸ்கேனில் உள்பக்கத்துக் கறுப்பு அடுக்கு மட்டும் தடித்து, வெளியே வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடினால் பெரும்பாலும் செல் பெருக்கம்தான். ஓரிடத்தில் மேடு தட்டினாலோ கோடு அறுந்தாலோ புற்றுநோயைத் தேட வேண்டும்.

கேள்வி: சாப்பாட்டை மாற்றிச் சரிசெய்ய முடியாதா?

பதில்: முடியாது. குழாய் இணைப்பே அப்படி.

கேள்வி: எனக்கும் இதே குறை. பித்த நாளம் வீங்கவில்லை, வலியும் இல்லை. பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். பயமுறுத்துகிறார்களா?

பதில்: இல்லை. ஜப்பானில் நாடு முழுவதும் திரட்டிய கணக்கில், நாளம் வீங்காத பெரியவர்களில் 42.4 சதவீதத்தினருக்குப் பித்தப்பையிலோ பித்த நாளத்திலோ புற்றுநோய் இருந்தது; வீங்கியவர்களில் 21.6. வீங்காதவர்களுக்கு வந்ததில் 88.1 சதவீதம் பித்தப்பையில். வலி இல்லாதவர்கள் நோய் முற்றிய பிறகுதான் ஸ்கேனுக்கே வருகிறார்கள், அதனால் எண் கூடித் தெரிகிறது என்பது என் கணிப்பு. சரி, பாதியாகக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எடுக்கத்தான் சொல்வேன்.

கேள்வி: என் மகளுக்கு இதே குறையோடு பித்த நாளமும் வீங்கியிருக்கிறது. பித்தப்பையை மட்டும் எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. வீங்கிய நாளத்தையும் எடுத்துவிட்டு, ஈரலிலிருந்து வரும் நாளத்தைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். எடுத்ததைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்புறமும் ஸ்கேனை விட்டுவிடாதீர்கள், மிச்சமிருக்கும் நாளத்தில் பல ஆண்டு கழித்தும் புற்றுநோய் வந்திருக்கிறது.