கம்ப்யூட்டர் அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறது, இணையத்தில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

"ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்ற வார்த்தைக்காகத்தான் இந்தப் பதில். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் விஷயம் தெரியாதவர்கள் இல்லை. "சிஸ்டம் ஹேங் ஆகுது, ஹெல்ப் பண்ணுங்க" என்று ஒரே ஒரு வரி வந்தால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். ஒருவர் ரேம் என்பார், ஒருவர் வைரஸ் என்பார், இன்னொருவர் ஃபார்மட் போடு என்பார். மூன்றுக்குமே வாய்ப்பு உண்டு. உங்கள் வீட்டில் எது நடக்கிறது என்பதை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் இருப்பது சில வருஷம் ஓடிய விண்டோஸ் கம்ப்யூட்டர், உள்ளே பழைய மாதிரி சுழலும் ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்கிறேன். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றாலும் முக்கால்வாசி பொருந்தும்.

அடுத்த முறை நிற்கும்போது உடனே பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஒரு நிமிஷம் பொறுத்து, கீபோர்டில் கேப்ஸ் லாக்கை இரண்டு முறை தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? மவுஸ் அம்பு நகர்கிறதா? அம்பு நகர்கிறது, எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மீள்கிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் பதில் சொல்லாமல் விண்டோஸ் காத்துக்கிடக்கிறது. அம்பும் நின்று, கேப்ஸ் லாக்கும் செத்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே துண்டாக இரைந்தால் சந்தேகம் ரேம், கிராஃபிக்ஸ், பவர் சப்ளை பக்கம் போகும். உதவி செய்ய வருகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வழி கடந்த மாதிரி.

மீண்டு வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதம் இருப்பதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அப்டேட் இறங்கும்போதும் அப்படித்தான் இருக்கும். பக்கத்திலேயே படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் இருக்கும், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைமும் இருக்கும். 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டு வேகம் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடந்து, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட் ஏறினால் அந்த டிஸ்க் வேலை செய்யவில்லை, திணறுகிறது. அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

அடுத்தது ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தன்னிடம் நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவேடு. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் பட்டியலிலேயே இருக்கும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கம்ப்யூட்டர் நின்ற மணி, நிமிஷத்துக்கு நேரே என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சோர்ஸ் பத்தியில் டிஸ்க் என்ற பெயரும் ஈவென்ட் ஐடியில் 7-உம் இருந்தால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம், 153 இருந்தால் படிக்கவோ எழுதவோ முயன்று திரும்ப முயன்றது. ஸ்டோர்ஏஹெச்சிஐ (storahci) போன்ற டிரைவர் பெயரில் 129 இருந்தால் டிஸ்க் பதில் தராததால் அந்த இணைப்பையே ரீசெட் செய்தது. கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பவர் சப்ளை போயிடுச்சு" என்று சொல்கிறவர்கள் ஏராளம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் திரும்பக் கிளம்பியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் 41 விழும்.

இப்போது முக்கியமான இடம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியை இறக்கித் திறந்தால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும் பட்டியல் வரும். மதிப்புகள் முதலில் பதினாறடிமான எண்ணில் இருக்கும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ் போய் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நான்கே வரிகள். 05 என்றால் கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள். சி5 என்றால் படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்றால் மீட்கவே முடியாதவை. சி7 என்றால் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் போகும்போது சிதைந்த எண்ணிக்கை.

இந்த சி7-ஐத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். மேலே நீலத்தில் குட் என்று போட்டிருக்கும், 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம், சி7 மட்டும் நூறுகளில் நிற்கும். அது பெரும்பாலும் டிஸ்க்கின் குற்றம் இல்லை. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது மடித்துத் திணித்ததில் நைந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, கேபிளை இரண்டு முனையிலும் கழற்றித் திரும்பச் செருகுங்கள். முடிந்தால் புதிய கேபிளே போடுங்கள், மதர்போர்டில் வேறு போர்ட்டில் மாட்டுங்கள். மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது. அது குறையவே குறையாத கணக்கு. அதனால் இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் வழக்கம்போல உபயோகித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறாமல் இருந்தால் வேலை முடிந்தது. இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சி5-ஓ சி6-ஓ பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் கதை வேறு. அங்கே முதல் வேலை ரிப்பேர் இல்லை, காப்பி. போட்டோ, ஆவணங்கள் என்று திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். சினிமாவும் சாஃப்ட்வேரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். யாராவது "செக்டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் போட்டு ஓட்டுங்க" (chkdsk /r, விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கமாண்ட்) என்பார்கள். காப்பி எடுக்கும்வரை அதைத் தொடாதீர்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும். மூச்சு வாங்குகிற டிஸ்க் அதிலேயே போய்விடலாம். உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்டால் காப்பியும் வேண்டாம், அணைத்துவிட்டுத் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள்.

இந்த நான்கு வரிகள் சாட்டா டிஸ்க்குக்கு. என்விஎம்இ என்ற வேறு வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியில் அவைலபிள் ஸ்பேர் (மிச்சமிருக்கும் மாற்று இடம்), பெர்சென்டேஜ் யூஸ்ட் (தேய்ந்த அளவு), மீடியா எரர் (தரவுப் பிழைகள்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டிஸ்க் சுத்தம் என்றால்தான் ரேம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து நான்கு பாஸ் (நான்கு சுற்று) முழுவதும் ஓடவிடுங்கள், ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு எது என்று பிரியுங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் அமைப்புத் திரை) ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

"எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டுங்கள்" என்று எதற்கெடுத்தாலும் ஒரு பதில் வருகிறதே, அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும் சரிபார்க்கும். டிஸ்க், ரேம், கேபிள் எதையும் அது தொடாது. தப்பான யோசனை என்று சொல்லவில்லை, இடம் தப்பு.

இவ்வளவும் பார்த்த பிறகு கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்: "இன்ன மாடல், விண்டோஸ் வெர்ஷன் இது, ரேம் 8 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 1 டிபி. மூன்று வாரமாக, ஆன் செய்து பத்து நிமிஷத்துக்குள் இரண்டு நிமிஷம் நிற்கிறது. அம்பு நகர்கிறது. அந்த நேரத்தில் 129 பதிவாகிறது. சி7 மதிப்பு 412, மற்ற மூன்றும் பூஜ்யம். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி துடைத்தோம்." தூசி துடைத்தது உங்களுக்கு அற்ப விஷயம். பதில் சொல்கிறவருக்கு அதுதான் கேபிள் அசைந்ததற்குச் சாட்சி. பிழைச் செய்தியை மொழிபெயர்க்காமல், சுருக்காமல் எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் வரும். சீரியல் நம்பர், வைஃபை பாஸ்வேர்ட், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள்.

யார் சொல்வதைக் கேட்பது என்றால், திருப்பிக் கேள்வி கேட்கிறவரைக் கேளுங்கள். "இதைப் பார்த்து என்ன எண் வருகிறது சொல்லுங்கள்" என்கிறவரை நம்பலாம். எதையும் கேட்காமல் ஃபார்மட் என்கிறவரை விட்டுவிடலாம். தனியாக மெசேஜ் அனுப்பி, எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) எண்ணைக் கொடுங்கள், நானே உள்ளே வந்து பார்க்கிறேன் என்கிறவருக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். ஈவென்ட் வியூவரில் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டி வைரஸ் என்று பயமுறுத்துவது பழைய மோசடி. நல்ல கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும். ரன் பெட்டியைத் திறந்து எதையோ ஒட்டி என்டர் தட்டச் சொல்லும் பக்கங்களும் அதே ரகம்.

சொன்னதில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தையும் ஒரே மூச்சில் செய்து சரியானால், எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது. திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொன்று: சோதிக்கும்போது ஷட்டவுன் செய்து ஆன் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற விண்டோஸ் அமைப்பு ஆனில் இருந்தால் ஷட்டவுன் முழுதாக அணைப்பதில்லை, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலைச் சேமித்து வைத்து அப்படியே எழுப்புகிறது.

"இதெல்லாம் சாதாரண ஆளுக்கு அதிகம், டெக்னீஷியனிடம் கொடுத்துவிடலாமே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். தாராளமாகக் கொடுங்கள். அந்த நான்கு எண்களையும் எழுதி எடுத்துப் போனால் அவருக்கும் வேலை சீக்கிரம் முடியும், உங்களுக்கும் தேவையில்லாத பாகம் மாற்றுகிற செலவு இருக்காது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடச் சொல்லவில்லையே என்று கேட்பவர்களுக்கு: தளர்ந்த கேபிள் லினக்ஸிலும் தளர்ந்த கேபிள்தான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். இரண்டு வரியில் எழுதக்கூடிய ஒரு தீர்வைப் பன்னிரண்டு நிமிஷ வீடியோவாக்கி, கமாண்டைத் திரையில் மூன்று செகண்ட் காட்டிவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்து ஒரு எழுத்துத் தவறாக அடித்துவிட்டு, அதனால் வந்த புதுப் பிழையோடு வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்! தமிழில் எழுத்தில் இருந்தால் தேடினால் கிடைக்கும், காப்பி செய்யலாம், தவறு இருந்தால் கீழே ஒருவர் திருத்தலாம். தயவுசெய்து எழுதுங்கள்.

அதே காரணத்துக்காகத்தான் "சரியாயிடுச்சு, தேங்க்ஸ்" என்று மட்டும் போட்டுவிட்டுக் கேள்வியை அழிக்காதீர்கள் என்கிறேன். கேபிள் மாற்றினீர்களா, எந்த எண் நின்றது, எத்தனை நாள் பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இப்போதைக்கு சி7 எவ்வளவு இருக்கிறது, 05, சி5, சி6 எவ்வளவு என்று கீழே கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன்.